குரல் முன்னே, கிட்டார் பின்னே: பெங்களூரில் ஒரு தமிழ் ஆல்பம் உருவாகும் விதம்

தமிழில் ‘ஆல்பம் சாங்’ என்றால் ஒரே ஒரு பாட்டு. சினிமாவில் வராமல், தனியாக வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றிய பாட்டு. இந்த அர்த்தம் எப்படியோ நிலைத்துவிட்டது. ஒருவரே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, எட்டு ஒன்பது பாடல்களை வரிசைப்படுத்தி 35 நிமிடத்துக்கு ஒரு முழு ஆல்பத்தைத் தந்தால், கேட்பவருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. ‘வீடியோ எப்போ வரும்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது.

பெங்களூரில் இந்த வடிவம் புதிதல்ல. ரகு தீட்சித்தின் முதல் ஆல்பம் 2008-இல் வந்தது; விஷால்-சேகர் இரட்டையர் தங்கள் நிறுவனத்தின் மூலம் அதை வெளியிட்டார்கள். தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், ஸ்வராத்மா, அகம் என்று இந்த ஊர்க் குழுக்கள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் கர்நாடக இசைச் சாயலிலும் முழு ஆல்பங்கள் தந்திருக்கின்றன. தமிழில் தனியாக எழுதிப் பாடுகிறவர்கள் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். ஆனால் பாடல்கள் பெரும்பாலும் செல்போன் பதிவாகவே நின்றுவிடுகின்றன, அல்லது ஸ்டுடியோவுக்குப் போய் உயிர் இழந்து திரும்புகின்றன. ஏன் அப்படி ஆகிறது, ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இங்கே விஷயம்.

இந்த வகை ஆல்பத்தில் கேட்பவருக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: ஒரு மனிதர் தன் சொல்லைத் தானே பாடுவது. அந்தச் சொல் காதில் விழவில்லை என்றால் மற்ற எதுவும் அதைக் காப்பாற்றாது. மெட்டு, சுருதி, மைக், மிக்ஸ் (பதிந்த ஒலிகளைக் கலப்பது), வெளியீடு என்று எந்த இடத்தில் முடிவெடுத்தாலும், ‘இதனால் சொல் தெளிகிறதா, மங்குகிறதா?’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

முதல் பழுது மெட்டிலேயே நடக்கிறது

கிட்டாரில் மெட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அங்கே எந்த உயிரெழுத்தையும் இழுக்கலாம். தமிழில் குறிலை இழுத்தால் அது நெடிலாகிவிடும், வேறு சொல்லாகிவிடும். மனம் மானம் ஆகும், படம் பாடம் ஆகும், கொடு கோடு ஆகும்.

‘என்னை விடு’ என்று ஒரு வரி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மெட்டின் உச்ச சுரம் ‘வி’ மேல் விழுந்து இரண்டு தட்டுக்கு நீண்டால், கேட்பவர் காதில் ‘என்னை வீடு’ என்றுதான் விழும். தீர்வு இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘விடு’வில் தனிக்குறிலை அடுத்து வருகிற உகரம் முற்றியலுகரம், முழு ஒலி உடையது. ஆகவே ‘வி’யைச் சட்டென்று விட்டுவிட்டு, சுரத்தை ‘டு’ மேல் நிறுத்தலாம். ‘வீடு’ என்ற சொல்லில் இது நேர்மாறு: ‘வீ’யை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், கடைசி ‘டு’ குற்றியலுகரம், குறுகி ஒலிப்பது, நீட்டினால் செயற்கையாகத் தொனிக்கும். ‘விட்டுடு’ என்று பேச்சு வழக்கில் எழுதினால் ‘ட்’ வந்து அடைத்துக்கொள்ளும். அங்கே மெட்டு நிற்கவே முடியாது, தாளம்தான் நிற்கும். ஆகவே அந்தச் சொல் வேகமான வரிக்கு உரியது.

சொல்லின் இடையிலும் கடையிலும் வரும் ஐகாரமும் இப்படித்தான் ஏமாற்றும். ‘கடைசி’யில் ‘டை’ குறுகித்தான் ஒலிக்கிறது. மெட்டு அதை நெடிலாக நினைத்து நீட்டினால் சொல் உடைகிறது. ஒவ்வொரு பாட்டையும் தாளில் எழுதி, நெடில்களை மட்டும் வட்டமிட்டு, நீண்ட சுரங்கள் அந்த வட்டங்களில் விழுகின்றனவா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. ஸ்டுடியோவில் மூன்று நாள் மிச்சமாகும்.

இன்னொன்று, எதுகை. ஆங்கிலப் பாட்டு வரியின் கடைசியில் ஒலி சேரும். தமிழ்ப் பாட்டுக்கு அடியின் தொடக்கத்திலேயே மோனையும் இரண்டாம் எழுத்தில் எதுகையும் இருக்கின்றன. கிட்டாரின் முதல் தட்டும் வரியின் தொடக்கத்தில்தான் விழுகிறது. எதுகைச் சொல் அந்தத் தட்டோடு சேர்ந்தால் வரி தானாக மனதில் பதியும். கடைசி ஒலிக்காக ‘-தே, -தே’ என்று வினைமுற்றுகளை அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர்த் தமிழில் கன்னடச் சொற்கள் கலந்திருக்கின்றன. ‘கொஞ்சம்’ என்று பொருள்படும் ‘ஸ்வல்ப’ இங்கே தமிழ் வாக்கியத்துக்குள் இயல்பாக வந்து போகும். பாட்டு எழுத உட்கார்ந்ததும் பலர் அதையெல்லாம் துடைத்துவிட்டு சினிமாப் பாட்டுத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். நஷ்டம் பாட்டுக்குத்தான். இந்த ஊரின் வாய்மொழியைச் சென்னையில் இருக்கிற எவரும் எழுதித் தரப் போவதில்லை.

சுருதியும் வேகமும்

வீட்டில் இரவில் மெல்லப் பாடி அமைத்த பாட்டு தாழ்ந்த சுருதியில் இருக்கும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகத் தாழ்த்தியது, பாட்டுக்கு அதுதான் சரி என்று பழகிவிடும். மைக் முன் நின்று கொஞ்சம் குரல் கொடுத்துப் பாடும்போது கீழ்ச் சுரங்கள் காற்றாகப் போகும். கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கேப்போவை ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்தி, ஒரே சரணத்தை நான்கு சுருதிகளில் செல்போனில் பதிந்து மறுநாள் காலை கேட்க வேண்டும். எதில் சொற்கள் பேசுவது போலக் கேட்கின்றனவோ அதுவே சுருதி. உச்ச சுரம் எட்டுகிறதா என்பது இரண்டாவது கேள்வி.

வேகத்துக்கும் இதே சோதனை. மெட்ரோனோம் இல்லாமல் மூன்று தடவை வாசித்துப் பதிந்தால், பல்லவியில் நிமிடத்துக்கு மூன்று நான்கு தட்டு கூடுவது தெரியும். அது பிழையல்ல, பாட்டின் மூச்சு. மூன்றில் நல்லதைத் தேர்ந்து, அதன் வேக மாற்றங்களை மென்பொருளில் குறித்துக்கொண்டு, அந்த வரைபடத்தின்படியே கிளிக் (பதியும்போது காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) ஓடவிடலாம். ஒரே வேகக் கிளிக்கில் கட்டிப்போட்டால் குரல் இறுகிவிடும். பல ஆல்பங்கள் செத்துப் பிறப்பது இந்த இடத்தில்தான்.

பத்துக்குப் பத்து அறை

பெங்களூர் வாடகை வீட்டில் பதிவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 10 அடிக்கு 10 அடி படுக்கையறை. கூரையும் ஏறத்தாழ 10 அடி. அதாவது ஒரு கனசதுரம், ஒலிக்கு மிக மோசமான வடிவம். 10 அடி என்பது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், இரண்டு சுவர்களுக்கு இடையே அறை தானாக அதிரும் அலைகள் 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் விழும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருப்பதால் மூன்றும் ஒரே இடத்தில் குவியும். கிட்டாரின் ஐந்தாவது கம்பி, ‘ஏ’, 110 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியைத் தட்டும்போதெல்லாம் அறை ‘பூம்’ என்று எழும். ஆண் குரலின் தாழ்ந்த சுரங்களும் அங்கேயே இருக்கின்றன. மிக்ஸில் அதை வெட்டினால் குரலின் உடம்பும் சேர்ந்து போகும்.

அறையின் நட்ட நடுவில் 112 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும். ஆகவே பாடுகிறவரும் மைக்கும் நடுவில் இருக்கக் கூடாது. ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நகர்ந்தால் வித்தியாசம் காதிலேயே தெரியும். பிறகு, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள, ஒலியை உறிஞ்சும் ராக்வுல் பலகைகள், 4 அடிக்கு 2 அடி, 4 அங்குலத் தடிமன், துணி போர்த்தி ஆறு அல்லது எட்டு. மூலைகளில் முதலில், சுவரை ஒட்டாமல் 2 அங்குலம் இடைவெளி விட்டு. ஓர் அங்குல ஃபோம் ஒட்டினால் உயர் ஒலிகள் மட்டும் அடங்கும், அறை மந்தமாகும், ‘பூம்’ அப்படியே இருக்கும். முட்டை அட்டை பயனற்றது. செலவுக்கு வழியில்லாவிட்டால் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கனமான இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்தி, துணிகள் நிறைந்த அலமாரிக் கதவைத் திறந்து வைத்தாலே குரல் பதிவு பாதி சரியாகிவிடும்.

வெளிச் சத்தத்தைச் சுவர் தடுக்காது, நேரம்தான் தடுக்கும். காலையில் குக்கர் விசில், தண்ணீர் லாரி, பக்கத்து மனையில் கட்டட வேலை. மழைக் காலத்தில் தகரக் கூரை. வேலை நாட்களில் மதியம் இரண்டு முதல் நான்கு வரையிலும், இரவு பதினொன்றுக்கு மேலும் ஓரளவு அமைதி கிடைக்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அறை சூடாகும், கிட்டார் சுருதி நகரும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவைப் பதிவுக்கும்) முன்னால் சுருதி பார்ப்பது கட்டாயம்.

‘ம்ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால், எர்த் இல்லாத பழைய வயரிங் காரணமாக இருக்கலாம். பாட்டரியில் ஓட்டிப் பதியலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யலாம். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்து, செய்யவே கூடாது.

கிட்டாருக்கு இந்த ஊரின் மார்ச் மாதம் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நாட்களில் மேல்பலகை சுருங்கித் தாழும், கம்பிகள் ஃபிரெட்டில் உரசும். மழைக் காலத்தில் பலகை உப்பி, கம்பி உயர்ந்து, வாசிக்கக் கடினமாகும். பிப்ரவரியில் பாதியும் ஆகஸ்ட்டில் பாதியும் பதிந்தால் ஒரே கிட்டார் இரண்டு கிட்டாராகக் கேட்கும். கிட்டார் பகுதிகளை ஒரே பருவத்தில் முடித்துவிடுவது நல்லது. பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்ந்தா, தனித்தனியா?

குரலையும் கிட்டாரையும் ஒன்றாகப் பதிவதா என்பது ஒவ்வொரு ஆல்பத்திலும் வருகிற வாதம். தனித்தனியாகப் பதிந்தால் திருத்த வசதி. ஆனால் தன் கையால் வாசித்துக்கொண்டு பாடுகிறவரின் மூச்சும் ஸ்ட்ரோக்கும் ஒன்றோடொன்று பின்னியவை. பிரித்தால் இரண்டும் தளர்கின்றன. மெதுவான, சொல் கனமான பாடல்களைச் சேர்த்துப் பதிவதே சரி என்பது எங்கள் கருத்து.

சேர்த்துப் பதிய, எட்டு வடிவப் பதிவு முறையுள்ள இரண்டு மைக்குகள் வேண்டும். இந்த வகை மைக் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. குரல் மைக்கின் பக்கவாட்டை கிட்டாருக்கும், கிட்டார் மைக்கின் பக்கவாட்டை வாய்க்கும் திருப்பி வைத்தால் ஒன்றில் மற்றது வெகுவாகக் குறைந்துவிடும். பாடுகிறவர் தலையை ஆட்டினால் இந்த ஏற்பாடு கெடும். உட்கார்ந்து, தரையில் டேப் ஒட்டிக் குறித்த இடத்தில் பாட வேண்டும்.

தனியாகப் பதிவதானால் கிட்டாருக்கு மைக் 12-ஆவது ஃபிரெட்டை நோக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி. துளைக்கு நேராக வைத்தால் ‘பூம்’ மட்டுமே வரும். குரலுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவே வாய்க் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் திரை, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று மேலே. ‘ப’வின் காற்று கீழ்நோக்கிப் போய்விடும். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒலியின் உச்சம் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல். ஒரு பாட்டுக்கு நான்கு முழு டேக், அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாவதிலிருந்து குரல் சரியாகிக்கொண்டே போகும், பாட்டு போய்விடும்.

இதற்கெல்லாம் பெரிய ஸ்டுடியோ தேவையா என்றால், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வீட்டில் நான்கு டிராக் கேசட் கருவியில் மாதிரிக்காகப் பதிந்ததே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது. குழுவோடு மீண்டும் பதிந்து பார்த்தும் அந்த மாதிரியின் உணர்வு வரவில்லை என்பதே காரணம். செல்போன் மாதிரிகளை அழிக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மிக்ஸ்: ழகரம் பிழைக்க வேண்டும்

ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவதில் 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. நாக்கை மடக்கிச் சொல்லும் ஒலிகளில், குரலின் மூன்றாவது அதிர்வுக் குவியம் (வாயின் வடிவத்தால் ஒலி வலுக்கும் இடம்) கீழிறங்கி அங்கே வருகிறது. தமிழ் அறியாத மிக்ஸிங் பொறியாளர், குரல் ‘கரகரக்கிறது’ என்று சரியாக அந்த இடத்தில் நான்கைந்து டெசிபெல் குறைத்துவிடுவார். அதோடு ‘மழை’ மங்கிவிடும். பாடியவர் ழகரத்தைச் சரியாகத்தான் உச்சரித்திருப்பார், பழி அவர் மேல் விழும். குறைக்க வேண்டியது குரலில் அல்ல, கிட்டாரில்: 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஓரிரு டெசிபெல் குறைத்தால் மெய்யெழுத்துகளுக்கு வழி கிடைக்கும்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸருக்கு 3:1 விகிதம், உச்சத்தில் நான்கைந்து டெசிபெல் அடக்கம், அது வேலை தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக் 10 முதல் 20 மில்லிசெகண்ட். அதைவிட வேகமாக வைத்தால் ‘க், ச், ட், த், ப்’ என்ற வல்லினத்தின் முனை மழுங்கும். எதிரொலி சேர்ப்பதானால் குரலுக்கும் அதற்கும் நடுவே 30 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டால் சொல் முதலில் வரும், அறை பிறகு வரும். ‘ச’, ‘ஸ’ சீறினால் அந்தச் சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில், மிகக் கொஞ்சமாக.

சோதனை எளிது. பாட்டை இதற்கு முன் கேட்டிராத ஒருவரிடம் செல்போன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டி, கேட்ட வரிகளை எழுதச் சொல்ல வேண்டும். அவர் தவறாக எழுதுகிற இடத்தில் மிக்ஸ் தவறு, அல்லது மெட்டு தவறு.

மிக்ஸுக்குப் பிறகு வெளியீட்டுக்கான சத்த அளவை முடிவு செய்யும் மாஸ்டரிங் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவை ஒட்டியே ஒலிக்க விடுகின்றன; அதைவிடச் சத்தமாக நசுக்கித் தந்தால் அவை இறக்கிவிடும், நசுக்கல் மட்டும் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபெல். அவ்வளவுதான்.

காகித வேலை

எழுதுகிறவர், மெட்டமைக்கிறவர், பாடுகிறவர், பதிவின் உரிமையாளர் என்று நான்கு உரிமைகள் ஒரே ஆளிடம் இருப்பதுதான் இந்த வகை ஆல்பத்தின் பலம். அது கைநழுவுவது நட்பில்தான். இசைக் கோப்பு செய்து தருகிற நண்பரிடம் எதுவும் எழுதிக்கொள்ளாமல் வேலை முடிந்து, ஆறு மாதம் கழித்துப் பதிவு யாருடையது என்ற கேள்வி வரும். காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத் தாள் போதும்: யார் என்ன செய்தார், எவ்வளவு தொகை, எத்தனை சதவீதம். எழுத்துக்கும் மெட்டுக்குமான ராயல்டிக்கு அதை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். இணையத்தில் வாங்கிய தயார் லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துணுக்குகளை)ப் பாட்டில் சேர்த்திருந்தால், அடுத்தவர் வீடியோவில் ஒருவரின் பாட்டைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் அந்தப் பாட்டைப் பதியக் கூடாது. அதே லூப்பை வைத்திருக்கும் வேறு யாரோ மாட்டிக்கொள்வார், அல்லது நீங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து-எண்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு உண்டு. முதலில் சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே குறியீட்டைத் தர வேண்டும். புதிது வாங்கினால் கேட்டவர்களின் கணக்கு இரண்டாகப் பிரியும். ஸ்பாட்டிஃபை 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கணக்கிடுவதில்லை. ஆகவே இந்தப் பிரிவு சிறு கலைஞருக்கு நேரடி நஷ்டம்.

தலைப்பும் ஒரு பொறி. ‘காற்று’ என்று பெயர் வைத்தால் ஆங்கில எழுத்தில் அதைத் தேடுகிறவர் மூன்று நான்கு விதமாக எழுதுவார். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து போஸ்டர், யூடியூப், வெளியீட்டுத் தளம் எல்லாவற்றிலும் அதையே வைக்க வேண்டும். முடிந்தால் ற, ழ இல்லாத தலைப்பு. மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று குறிக்க மறக்கக் கூடாது; பெங்களூர் முகவரியைப் பார்த்து யாரும் தமிழ் என்று ஊகிக்கப் போவதில்லை. ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் தொகுக்கும் எடிட்டர்களுக்கு விண்ணப்பிக்க, வெளியீட்டுக்கு 7 நாள் முன்பாவது பாட்டு தளத்தில் இருப்பது நல்லது. பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரிடம் நான்கு வாரம் முன்னால் கொடுப்பது பாதுகாப்பு.

யார் கேட்கிறார்கள், எப்படி

ஆல்பம் வெளிவந்த பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. முதல் வாரம் நண்பர்கள். மூன்றாம் வாரம் எண்ணிக்கை சரியும். ஒன்பது பாட்டில் ஒன்று மட்டும், பல நேரம் எதிர்பாராத ஒன்று, மெல்ல நகரும். ஸ்ட்ரீமிங்கில் 30 நொடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு; 40 நொடி கிட்டார் முன்னிசை உள்ள பாட்டு, குரல் வருவதற்குள்ளேயே பாதிப் பேரை இழக்கும். அதற்காக எல்லா முன்னிசையையும் வெட்டுவது சரியில்லை. முதல் பாட்டில் மட்டும் குரல் 10 நொடிக்குள் வரட்டும். நம்பிக்கை வந்த கேட்பவர் நான்காவது பாட்டில் பொறுமையாக இருப்பார்.

எண்ணிக்கையை வைத்து ஆல்பத்தை எடைபோடுவதில் உள்ள ஆபத்துக்கு ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் சாட்சி. 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவுகளில், அவரும் ஒலிப்பதிவாளரும் மட்டும் இருந்து பதிந்த ‘பிங்க் மூன்’ 28 நிமிட ஆல்பம். 1972-இல் வந்தபோது மிகச் சிலரே வாங்கினார்கள். 1974-இல் அவர் இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு ஒலித்த பிறகுதான் கூட்டம் தேடி வந்தது. அது உலகை எட்டியதற்குக் காரணம் அதிர்ஷ்டம். எட்டியபோது பழையதாகத் தொனிக்காததற்குக் காரணம், குரலும் கிட்டாரும் ஒரு பியானோ வரியும் தவிர அதில் வேறெதுவும் இல்லாதது.

பெங்களூரில் தமிழ்ப் பாட்டுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மதுக்கூட மேடைகளில் இந்திப் பாட்டும் சினிமாப் பாட்டும்தான் எதிர்பார்க்கப்படுகின்றன. காவிரிப் பிரச்சினை சூடாகிற காலங்களில் பொது இடத்தில் தமிழ் ஒலிப்பதற்கே தயக்கம் வந்துவிடும். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991 முதல் மூடியே கிடந்து 2009-இல்தான் திறக்கப்பட்டது என்பதை இந்த ஊர்த் தமிழர்கள் மறக்கவில்லை. ஆனாலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கன்டோன்மென்ட் குடும்பங்கள், கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள், ஐடி வேலைக்கு வந்தவர்கள். மூவரும் ஒரே இடத்தில் கூடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

இவர்களைச் சேர்க்கிற இடம் 50, 60 பேர் உட்காருகிற சிறு கூடம். சாப்பாட்டு மேசைகள் இல்லாத இடம். அங்கே ஆல்பத்தை அதே வரிசையில் முழுதாகப் பாடுவது, ஒலிபெருக்கியில் குரலைக் கிட்டாருக்கு ஒரு படி மேலே வைப்பது, நடுவில் சினிமாப் பாட்டு கேட்டால் அன்போடு மறுப்பது. வாசலில் ஒரு பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய பாட்டுப் புத்தகங்களை நினைவு வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அளவிலேயே, 16 பக்கம், நடுவில் இரண்டு பின், பெரிய எழுத்தில் ஒன்பது பாட்டு. பின்னட்டையில் தேடிக் கேட்க ஒரு க்யூஆர் குறியீடு. விளக்கை முழுதாக அணைக்காமல், படிக்கிற அளவுக்கு வெளிச்சம் விட்டுப் பாடினால் மூன்றாவது பாட்டிலேயே பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கும்.